மீன் விலைச் சிங்களம்

எனக்குத் தெரிஞ்ச சிங்களம்
திருக்கடலூர்க் கரையில, விடிய நாலரைக்கு,
குருநாகல் லொறிக்காரரோட பேசிப் பழகினது.
கிலோ எவ்வளவு, ஐஸ் காணாது,
சூரை நேற்றையது இல்ல, செவுளைப் பார்.
இருபத்திரண்டு வருசம் அதுக்குள்ளேயே
கோபப்பட்டிருக்கிறன், சிரிச்சிருக்கிறன்,
ஒருக்கா ஏமாந்தும் இருக்கிறன்.

அதைத்தான் அண்டைக்கு
திருகோணமலை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனன்.
அவசரப் பிரிவு. இரவு ஒன்பது மணி.

கட்டில் இல்ல. வாங்கில ஓரமா இடம்.
பக்கத்தில கிண்ணியாப் பொம்பிளை ஒராள்.
சபீக்கா எண்டு கூப்பிட்டாப் பிறகுதான் பேர் தெரியும்.
மடியில பிள்ளை, காய்ச்சல், ரெண்டாந்தரம் வந்திருக்கிறா.
"நேத்து பனடோல் தந்து அனுப்பிட்டாங்க.
புள்ள தண்ணி குடிக்கிதில்லண்டு நான் சொன்னத
ஒருத்தரும் காதுல போடல்ல"
ஆருக்குச் சொல்றது எண்டு தெரியாம
சுவரைப் பார்த்துச் சொன்னா.

இவர் மெல்லமாத்தான் சொன்னவர்:
"நோ எண்டு இல்லையப்பா.
கரைவலை இழுக்கேக்க மடி பாரில மாட்டினா
தோளுக்குள்ளால தாடை வரைக்கும்
ஒரு இழுவை வருமே,
கயிற்றை விட்டாலும் விடாத இழுவை.
அது.
ஆனா நான் இப்ப கயிறு பிடிக்கேல்லயே."

டொக்டர் சின்னப் பொடியன்.
கண்ணுக்குக் கீழ கறுத்து,
பேனை மூடியைக் கடிச்சபடி "மொகத?" எண்டார்.
எங்களுக்குப் பின்னால பதினேழு பேர்.
என்ர வாய்க்குள்ள வலை இருந்தது, பார் இருந்தது,
சொல் இருக்கேல்ல.
"உரஹிச ரிதெனவா" எண்டன்.
தோள் நோகுது.
என்ன வேலை எண்டு கேட்டார்.
வலை இழுக்கிறது எண்டன்.
தலையாட்டினார். எல்லாம் பொருந்திச்சு.

துண்டில ஒரு வரி.
ஒரு ஊசி, ஆறு குளிசை, பூசுறதுக்கு ஒண்டு.
இவர் என்னைப் பார்த்தார்,
"எல்லாம் சொன்னனியோ?"
"ஓம்" எண்டன்.

வாசல்ல மான் ஒண்டு
ஆற்றையோ சோத்துப் பார்சல் தாளைத்
தின்னுகொண்டு நிண்டது.
விரட்டினன். போகேல்ல.

திரும்பி வரேக்க இரவு ஒண்டரை.
சேட்டைப் பிழிஞ்சா தண்ணி.
இப்ப அவருக்குப் பேச்சு வரேல்ல,
அதால எல்லாரும் ஓடி வந்தினம்.
நெஞ்சில வயர் ஒட்டி,
கட்டம் போட்ட தாள் இழுபட்டு இழுபட்டு வர
அதே பொடியன் அதைக் கையில பிடிச்சபடி
என்ர முகத்தைப் பார்த்தார்.
ஏதோ சொன்னார், மெல்ல.
எனக்கு விளங்கேல்ல.
விலையில வராத சொல்.

ஆள் இருக்கிறார்.
இதயத்தில ஒரு பக்கம் வேலை செய்யாதாம்.
கயிறு தொடக் கூடாதாம்.
செவ்வாய்க்கிழமை கிளினிக்.
"எப்பிடி?" எண்டு இப்ப தமிழிலயே கேட்கினம்.
இவர் "ஒண்டுமில்ல" எண்டு சொல்லி
மருந்துக் கொப்பியை நீட்டுறார்.
பாரும் மடியும் பிறகு அவற்ர வாயில வரேல்ல.

போன கிழமை லொறிக்காரத் திலகசிறியிட்டக் கேட்டன்,
இழுக்குது எண்டதுக்கு என்ன சொல்றது எண்டு.
"வலையா?"
"இல்ல. நெஞ்சு."
தராசில இருந்த கையை எடுத்தான்.
கொஞ்ச நேரம் கழிச்சுச் சொன்னான்,
எதெனவா.

ரிதெனவா. எதெனவா.
ஒரு எழுத்து.
அதைச் சொல்லியிருந்தா
அந்தத் தாள் நாலு மணித்தியாலம் முந்தி வந்திருக்குமோ?
பதினேழு பேர் நிண்டவை. தெரியாது.

சூரைப் பெட்டியைத் தலையில வைச்சுக்கொண்டு
கடற்கரை வழிய சொல்லிச் சொல்லிப் பார்க்கிறன்.
சொல்லேக்க சபீக்காவின்ர முகம் வருது.
பிள்ளை பிறகு தண்ணி குடிச்சுதோ எண்டு
நான் ஒருக்காலும் விசாரிக்கேல்ல.
அவ தமிழிலதான் சொன்னவ.
நானும் சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தன்.